பூட்டு நைனாவும் ஒரு கெட்ட வார்த்தையும்

செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் வரைக்கும் பூட்டு நைனாவிடம் திட்டு வாங்காத மனுஷன் ஒருத்தன் இருந்தால், அவன் அந்த ரோட்டுப் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம். லாரி டிரைவர்கள் வாங்கியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி வாங்கியிருக்கிறார். தண்ணீர் கேன் போட வந்தவர், மேனேஜரைப் பார்க்க வந்த மேனேஜரின் மாமனார், எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு வந்த ஐயர் வாங்கியதைத் தனியாகச் சொல்கிறேன். நான் எத்தனை வாங்கினேன் என்று கேட்காதீர்கள்.

நான் அப்போது மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுத் தீவனத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். வாசலில் நுழைந்ததும் தகரத்தால் செய்த மூன்று உருளைகள் நாலு மாடி உயரத்துக்கு நிற்கும். உள்ளே மக்காச்சோளம். போர்டில் 'சைலோ' என்று எழுதியிருந்தாலும் நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்களுக்கு அது டேங்குதான். மேலே ஆள் நுழைகிற மாதிரி ஒரு மூடி. கீழே சக்கரத்தைச் சுற்றித் திறக்கிற ஷட்டர். ஷட்டரைத் திறந்தால் சோளம் கடகடவென்று மிஷினுக்குப் போகும். இந்த மூன்று டேங்குக்கும் மேஸ்திரி பூட்டு நைனா. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ஆபீஸ் ரிஜிஸ்டரில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் எழுப்பியதில்லை.

இடுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கும், அதனால் அந்தப் பெயர். டேங்குக்குள் யார் இறங்கினாலும் முதலில் ஷட்டர் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். இறங்குகிறவன் சொந்தப் பூட்டு, சாவி அவன் பையில். இது கம்பெனி போட்ட சட்டமில்லை, நைனா போட்ட சட்டம். பூட்டு வாங்கித் தரச் சொல்லி மேனேஜரிடம் கேட்டார். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார் மேனேஜர். உடனே நைனா எல்லோரையும் வீட்டிலிருந்து பூட்டு எடுத்துவரச் சொன்னார். ஷட்டர் ஆபரேட்டர் குமார் தன் வீட்டு வாசல் பூட்டையே கழற்றி வந்துவிட்டான். மறுநாள் அவன் மனைவி கேட்டில் வந்து நின்றார்.

"எங்க வூட்டு பூட்டு எங்க நைனா?"

"வூட்ல இன்னா கீது, திருடன் தூக்கினு போறதுக்கு?"

"டி.வி. கீதுல்ல!"

"டி.வி. போனா வேற டி.வி. வாங்கிக்கலாம். டேங்குல இவன் போய்ட்டா வேற குமாரு வாங்குவியா?"

அந்த அம்மா குமாரை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் யோசிச்சுதான் சொல்லணும் நைனா" என்றார். கேட்டில் இருந்த செக்யூரிட்டி சிரித்த சிரிப்பில் அவர் நாற்காலியே பின்னால் சாய்ந்தது. ஆனால் பூட்டு திரும்பிப் போகவில்லை.

காலையில் ஷிப்ட் ஆரம்பிக்கும் முன்பே நைனா ஒரு மரச் சுத்தியலோடு டேங்குகளைச் சுற்றுவார். தட்டுவார், தகரத்தில் காதை வைப்பார், இன்னும் கொஞ்சம் மேலே ஏணியில் ஏறித் தட்டுவார். தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி இருக்கும். 'டப்' என்றால் சோளம் ஒழுங்காக இருக்கிறது. 'டொங்' என்றால் உள்ளே பொள்ளல். மழை நாளில் ஈரச் சோளம் ஒன்றோடொன்று ஒட்டி மேலே கெட்டியாகப் பாறை கட்டிக்கொள்ளும். கீழே இருக்கிற சோளம் ஷட்டர் வழியாகப் போய்விடும். மேலே மூடியைத் திறந்து பார்த்தால் டேங்கு நிரம்பித் தளும்புவது போலத் தெரியும். அதன் மேல் ஒருத்தன் கால் வைத்தால் அவ்வளவுதான். இதெல்லாம் ஆகாமல் இருக்க மாதம் ஒருமுறை டேங்கைக் காலி செய்து, சுவரைச் சுரண்டி, தூசியை வாரி, காயவைத்து நிரப்ப வேண்டும். இதில் மந்திரம் மாயம் ஒன்றும் இல்லை. துடைப்பமும் இரண்டு நாளும் போதும். அந்த இரண்டு நாளைத் தருவதற்குத்தான் எங்கள் மேனேஜருக்கு மனசு வந்ததில்லை.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் தருவார். ஆயுத பூஜை. அன்றைக்கு மட்டும் மிஷினெல்லாம் பளபளக்கும், சந்தனப் பொட்டு நிற்க வேண்டுமே. எனக்குத் தெரிந்து நைனா அதிகபட்சக் கோபத்தில் இருக்கிற நாளும் அதுதான். "பொட்டு வைக்க ஒரு நாளு தொடைக்கிற. மீதி நாளெல்லாம் அந்த சாமி இன்னா தும்மிகினு ஒக்காந்துகினு இருக்கணுமா?" என்று மேனேஜரையே கேட்டார். மேனேஜர் காது கேட்காத மாதிரி பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஐயர் கற்பூரத் தட்டோடு நேராக டேங்குக்கு அடியில் இருக்கிற பள்ளத்துக்குள் இறங்கப் போனார். பள்ளம் முழுக்க மாவுத் தூசி. பெருக்கியது கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும்தான். நைனா குறுக்கே போய் நின்றார்.

"சாமி, வெளிய போ."

"ஏம்ப்பா, தீபாராதனை காட்ட வேணாமா?"

"நீ காட்டுனா அது நமக்கு காட்டிடும். வெளிய போ சொல்றேன்ல!"

மேனேஜர் ஓடிவந்தார், அபசகுனம் என்று கத்தினார். நைனா ஐயரைக் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். பள்ளத்திலிருந்து ஒரு சிட்டிகை தூசியை எடுத்து வந்திருந்தார். அதைக் கற்பூரத்தின் மேல் தூவினார். 'புஸ்' என்று ஒரு ஆள் உயரத்துக்குத் தீ எழும்பி அடங்கியது. ஐயர் தட்டைக் கீழே போட்டுவிட்டு, பேருந்து நிறுத்தம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். "இது ஒரு சிட்டிக" என்றார் நைனா. "உள்ள எத்தினி மூட்ட கீது தெரியுமாடா கஸ்மாலங்களா?" அதற்குப் பிறகு எங்கள் கம்பெனிக்கு மட்டும் ஆயுத பூஜை ரோட்டோரத்தில்தான் நடந்தது. போகிற வருகிற லாரிக்காரர்களெல்லாம் எங்கள் சாமியைக் கும்பிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம்கூட நாங்கள் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது அவர் ஒரு வார்த்தையைத் தடை செய்ததுதான்.

'உடு.' எழுத்தில் 'விடு'. கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் இந்த வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் துடைப்பம் கையில் வரும், பள்ளத்தைப் பெருக்க வேண்டும். குமார் போனில் மனைவியிடம் "சரி, கோவத்த உடு" என்று சொல்லி அரை மணி நேரம் பெருக்கினான். நான் ஒரு தடவை தும்மலுக்கு நடுவில் சொன்னேன், அதற்கும் பெருக்கினேன். மேனேஜருக்கு அது வாயிலேயே குடியிருந்த வார்த்தை. எதைச் சொன்னாலும் "விடுப்பா, பார்த்துக்கலாம்" என்பார். நைனா ஒவ்வொரு தடவையும் துடைப்பத்தை மேஜை மேல் கொண்டுபோய் வைப்பார். மேனேஜர் அறையில் துடைப்பங்கள் சேர்ந்துகொண்டே போயின.

எனக்குக் கொஞ்சம் இலக்கணம் தெரியும் என்ற திமிர். ஒரு நாள் மடக்கினேன். "நைனா, நீங்களே இப்ப 'வந்துடு'ன்னு சொன்னீங்க. அதுலயும் 'உடு' கீதே?"

"டேய் பேனா" என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் அது. "இன்னொரு வார்த்தையோட ஒட்டிகினு வந்தா பரவால்ல. தனியா நின்னாதான் ஆளக் கொல்லும்."

"கொல்லுமா?"

"தொறக்கணும்னா 'தொற'ன்னு சொல்லு. நிறுத்தணும்னா 'நிறுத்து'ன்னு சொல்லு. நடுவுல இன்னாடா உடு?" என்று சொல்லிவிட்டு துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். நான் கேள்வி கேட்கும்போது அந்த வார்த்தையைத் தனியாகச் சொல்லியிருந்தேன் அல்லவா. ஆளுக்கு மரை கழன்றுவிட்டது என்று கேன்டீனில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். சிரித்தோம். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேங்கு சுத்தம் செய்த ரிஜிஸ்டர் என்னிடம்தான் இருந்தது. தேதி, டேங்கு எண், 'சுத்தம் செய்யப்பட்டது', கையெழுத்து. மாதா மாதம் மேனேஜர் எழுதச் சொல்வார், நான் எழுதுவேன். டேங்கில் ஒரு துடைப்பம்கூடப் பட்டிருக்காது. என் கையெழுத்து மட்டும் அழகாக விழுந்திருக்கும். எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை, டைப் அடிக்கிற வேலை மாதிரி ஒரு வேலை. அதிகாரி வருவார், ரிஜிஸ்டரைப் பார்ப்பார், டீ குடிப்பார், போவார். டேங்கை நிமிர்ந்து பார்த்தவர் ஒருத்தரும் கிடையாது.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் நைனா இரண்டாம் டேங்கைத் தட்டினார். 'டொங்.' மூன்றாவது படியில் ஏறித் தட்டினார். 'டொங்.' அவர் போட்ட கூச்சலில் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் வெளியே வந்தார்கள். "ரெண்டாம் டேங்கு உள்ள வெறும் பொள்ளலு! எவனும் மேல போவாத! வெளிய நின்னு தட்டித் தட்டித்தான் எறக்கணும், ரெண்டு நாளாவும்!"

அன்றைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று போக வேண்டும். லாரிகள் வரிசையில் நிற்கின்றன. மேனேஜர் தலையை ஆட்டினார், "நீ சொன்னா சரிதான் நைனா" என்றார். பத்து நிமிஷம் கழித்து ஒரு பேரிங் அவசரமாக வேண்டும் என்று நைனாவைச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார். நைனா கேட்டைத் தாண்டியதும், டேங்கு வேலை பார்க்கிற ஆண்டனியைக் கூப்பிட்டார். "மேல ஏறி உள்ள இறங்கி கடப்பாரையால ரெண்டு குத்து குத்து. குமார் கீழ ஷட்டரைத் திறப்பான். அரை மணி நேர வேலை."

ஆண்டனி கோவளத்துக்காரன். அப்பாவோடு கடலுக்குப் போய் வளர்ந்தவன், பயம் என்பது அவன் வீட்டில் யாருக்கும் கிடையாது. "இடுப்புல கட்டுற கயிறு எங்கடா?" என்று நான் கேட்டதற்குச் சிரித்தான். "கடல்லயே நீந்தறவன் மச்சான் நானு. சோளத்துலயா முழுவப் போறேன்?"

தகரத்துக்குள் மொபைலுக்கு சிக்னல் கிடைக்காது. அதனால் மேலே மூடிக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். ஆண்டனி உள்ளேயிருந்து சொல்வதை நான் கீழே குமாருக்குக் கத்த வேண்டும். ரிஜிஸ்டரில் பொய் எழுதியவனுக்கு அந்த வேலை பொருத்தம்தான்.

ஆண்டனி உள் ஏணியில் இறங்கி சோளத்தின் மேல் நின்றான். கெட்டியாக, தரை மாதிரி இருந்தது. "பாத்தியா?" என்று ஒரு குதி குதித்துக் காட்டினான். கடப்பாரையை ஓங்கினான்.

அப்போதுதான் கேட்டில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து முழுசாக நிற்கக்கூட இல்லை. அதிலிருந்து நைனா குதித்தார். பாதி வழியில் அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது: ஸ்டோரில் மூன்று பேரிங் புதுசாக இருக்கும்போது செங்கல்பட்டில் எதற்கு? வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவருகிறார், வாயில் வருவதெல்லாம் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள். நடுவில் "வெளிய வர சொல்றா அவன!" என்பது மட்டும் புரிந்தது.

வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும். கீழே குனிந்து உயிர் போகக் கத்தினேன்.

"குமாரு! உடு! உடுறா!"

நான் சொன்னது, போதும், அதை அப்படியே போட்டுவிட்டு வா என்று. குமாருக்குக் கேட்டது, திறந்து விடு என்று. தண்ணீர் விடு, வண்டியை விடு, சோளத்தை விடு. அவன் மேல் என்ன தப்பு? சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினான்.

'க்ளங்' என்று ஒரு சத்தம்.

"டேய், சுத்த மாட்டேங்குதுடா! எவனோ பூட்டு போட்டு வச்சிகீறான்!"

சக்கரத்தின் பின்பக்கம் சங்கிலி. சங்கிலியில் பித்தளைப் பூட்டு. செங்கல்பட்டுக்குக் கிளம்பும் முன் இடுப்பிலிருந்து கழற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். சாவி அவர் பையில்.

நைனா வெளி ஏணியில் பாதி ஏறியிருந்தார். அங்கிருந்தே தகரத்தில் வாயை ஒட்டிக் குரல் கொடுத்தார், அத்தனை நாளில் நான் கேட்டிராத ஒரு மெதுவான குரலில். "ஆண்டனி. கண்ணு. கடப்பாரய அங்கியே போட்டுட்டு, ஏணியப் புடி. குதிக்காத. மெதுவா வா." ஆண்டனி ஏணியைப் பிடித்தான். ஒரு கால் வைத்தான். இரண்டாவது காலைத் தூக்கினான்.

அவன் நின்ற தரை முழுவதும் 'தொம்' என்று உள்ளே போயிற்று.

மூடி வழியாகத் தூசி எழும்பி என் முகத்தில் அடித்தது. கண் தெரியவில்லை. இருமிக்கொண்டே கையை உள்ளே நீட்டினேன். ஒரு கை வந்து பிடித்தது, என் மணிக்கட்டில் நகம் பதிய. கடலுக்குப் பயப்படாதவன் கை. கடப்பாரை அடியில் எங்கோ விழுந்து, தகரத்தில் மோதிய சத்தம் வெகு நேரம் கழித்து வந்த மாதிரி இருந்தது.

கீழே இறங்கியதும் நைனா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக ஸ்டோருக்குள் போய் ரிஜிஸ்டரை எடுத்துவந்தார். 'இரண்டாம் டேங்கு, சுத்தம் செய்யப்பட்டது.' ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இத்த எழுதனது யாரு சாரே?"

டேய் என்று கூப்பிடுகிறவர், பேனா என்று கூப்பிடுகிறவர், சாரே என்றார். அதைவிட அவர் செருப்பைக் கழற்றியிருக்கலாம்.

அப்புறம் பள்ளத்தின் படியில் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "அப்போ நான் ஒரு ரைஸ் மில்லுல ஷட்டர்ல நின்னுகினு இருந்தேன். உள்ள நம்ம கூட்டாளி. போதும், மேல வந்துட்றேன்னு சொல்றதுக்கு 'உடு'ன்னு கத்துனான். எனுக்கு வேற மாரி கேட்டுது." பூட்டு இல்லாத இடுப்புக் கயிற்றைத் தடவினார். "நான் உட்டேன்."

குமார் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மில்லுக்காரன் மாரடைப்புன்னு எழுதிட்டான். நல்ல கையெழுத்து அவனுக்கும்."

எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை, ஐயா. இரண்டு நாள் மிஷினை நிறுத்த மனசில்லாதவர்கள் ஒரு ஆளை நிறுத்திவிடத் துணிகிறார்களே, அந்தக் கோபம். தூசி பறக்கிறது, பாறை கட்டுகிறது, தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறது. எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. கேட்கிற காது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் பேரிங் வாங்க அனுப்பினோம். விபத்து என்று சொல்ல வெட்கமாக இருக்க வேண்டாமா?

அன்று சாயங்காலம் ரிஜிஸ்டரில் முதல் முறையாக உண்மையை எழுதினேன். 'ஒரு மாதம்கூடச் சுத்தம் செய்யப்படவில்லை. முன்பு எழுதியவை பொய். எழுதியவன் நான்.' அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். முதலாளி வந்தார். டேங்குகள் காலியாயின, சுவர்கள் சுரண்டப்பட்டன, புதுப் பூட்டுகள் பெட்டி பெட்டியாக வந்தன. குமார் வீட்டு டி.வி.க்குப் பாதுகாப்பு திரும்பக் கிடைத்தது. மேனேஜருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேறு தொழிற்சாலைக்குப் பெரிய மேனேஜராகப் போனார். நைனாவுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி, சால்வை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். உலகம் இப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய?

அவர் இப்போது மாமல்லபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஓய்வெடுக்கிறார் என்று நினைக்காதீர்கள். காலையில் சிற்பக் கூடங்கள் இருக்கிற தெருவில் ஒரு நடை. மிஷினில் கல் அறுக்கிறவர்கள் மூக்கில் துணி கட்டாமல் இருந்தால் தொலைந்தார்கள். "புள்ளாருக்கு தும்பிக்க செதுக்கற, உன் மூக்குக்கு ஒரு துணி கட்ட மாட்டியா?" அவர் தலை தெரு முனையில் தெரிந்ததும் தெரு முழுக்க முகமூடி ஏறுகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதை ஏதோ உள்ளூர்ச் சடங்கு என்று வீடியோ எடுத்தாராம்.

மாதத்துக்கு ஒருமுறை நான் போவேன். ஆண்டனியும் சில சமயம் கோவளத்திலிருந்து மீன் எடுத்துக்கொண்டு வருவான். மீனை ஏன் ஐஸ் இல்லாமல் கொண்டுவந்தாய் என்று அவனுக்குத் திட்டு விழும். எனக்கு ஹெல்மெட்டில் ஆரம்பித்து வீட்டு கேஸ் டியூப் வரைக்கும் விழும். வயிறு நிறைந்துவிடும்.

போன தடவை வண்டி ரிப்பேர், அதனால் பஸ்ஸில் போயிருந்தேன். வழியனுப்ப ஈ.சி.ஆர். ரோடு வரைக்கும் வந்தார். பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், வெளியே நின்றபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பவும் நெசத்ததான எழுதற?" என்றார். "நெசத்ததான் நைனா" என்றேன். அவர் கை அப்படியே இருந்தது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "யோவ், பெரியவர கைய எடுக்க சொல்லுய்யா, வண்டி எடுக்கணும்" என்றார்.

பிடித்த கையை எடுக்கச் சொல்ல நம் ஊரில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஒரே ஒரு வார்த்தைதான். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன்.